நைசா அரைச்சது ஒரு குத்தமா?

பழத்தை அரைக்கிறது சுலபமான தொழில்தாங்க. அரைச்சது பழந்தான்னு அடுத்தவங்களை நம்ப வெக்கிறதுலதான் உசுரு போவுது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நானும் எங்க வூட்டுக்காரரும் ஸ்மூத்தி கடை வெச்சிருக்கோம். கறவை மாட்டை வித்துப் போட்ட கடை. இது படுத்துடுச்சுன்னா திரும்பிப் போறதுக்கு மாடும் இல்லை, மாட்டுக்கொட்டாயும் இல்லை. கல்லாவுக்குப் பின்னால நின்னு, பல்லைக் கடிச்சிக்கிட்டே சிரிக்கிற அத்தனை பேரும் கேளுங்க. உங்க வயித்தெரிச்சலும் எங்க வயித்தெரிச்சலும் ஒண்ணுதான்.

மாந்தோப்புக்காரர்

மாம்பழ சீசன். சந்தையில ஆடு வித்துட்டு ஒரு பெரியவர் வெயில்ல வேர்த்து வழிய வந்து உக்காந்தாரு. "குளுகுளுன்னு ஏதாச்சும் குடும்மா"ன்னாரு. செந்தூரா பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டு, ஐஸ் பெட்டியில கல்லு மாதிரி இறுக வெச்சிருந்தேன். முதல்ல பாலு, அப்புறம் பழம். மெதுவா ஒரு ஓட்டு ஓட்டி, நிறுத்தி, ஓரத்துல ஒட்டினதைக் கரண்டியால வழிச்சு விட்டு, அப்புறம் வேகமா ஒரு ஓட்டு. அதையும் சல்லடையில வடிச்சேன். வெண்ணெய் மாதிரி வழிஞ்சுது. பெருமையா நீட்டினேன்.

மனுசன் ஒரு வாய் குடிச்சாரு. நாக்கால பல்லு இடுக்கெல்லாம் துழாவினாரு. அப்புறம் டம்ளரை டொக்குனு வெச்சாரு. "எங்களுக்கு மாந்தோப்பே இருக்குதும்மா, நார் இல்லாத மாம்பழத்தை நான் கண்டதே இல்லை, இது பவுடரு!"

வீடியோ

பெரியவர் பேச்சைக்கூட வுட்டுத் தள்ளலாம். பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்த காலேஜ் பொண்ணு ஒருத்தி அதைக் கேட்டுட்டா. உடனே செல்போனைத் தூக்கினா. ஸ்ட்ராவைத் தூக்கித் தூக்கிக் காட்டி, "மக்களே, பாருங்க, ஒரு துண்டு பழம் இருக்குதா?"ன்னு பேசி ஏத்தி வுட்டுட்டா. பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா பரவிடுச்சு. மறுநாள் கடையில ஈ ஓட்டினோம். எங்க வூட்டுக்காரர் தலையில கைய வெச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு.

அடுத்த வாரம் அதே பொண்ணு வெக்கமே இல்லாம வந்து, அதே மேங்கோ ஸ்மூத்தி கேக்குறா! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "தோலு, கொட்டை எல்லாம் உன் கண்ணு முன்னாலதானேம்மா கெடந்துச்சு? ஏன் அப்படிப் போட்ட?"ன்னு கேட்டேன். அவ ஸ்ட்ராவை உறிஞ்சிக்கிட்டே சொன்னா: "பழம்னு போட்டா யாரு பாப்பாங்கக்கா?"

சட்னி

பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தங்க கிண்ணத்தோட வந்தாங்க. உள்ள தேங்காய், பொட்டுக்கடலை, பூண்டு, பச்சை மிளகா. வூட்டு மிக்சி ரிப்பேராம், ஒரே ஒரு சுத்து வுட்டுக் குடுக்கணுமாம். பூண்டு ஏறின ஜாரை எத்தனை தண்ணி வுட்டுக் கழுவினாலும் வாசம் போவாதுங்க, அப்புறம் சப்போட்டாவெல்லாம் சட்னி வாசம் அடிக்கும்னு பொறுமையாத்தான் சொன்னேன். கிண்ணத்தை வெடுக்குனு எடுத்துக்கிட்டாங்க. "பவுடர் கலக்குற மிக்சிக்கு இம்புட்டு பவுசா?"

கட்டி

யாவாரம் நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டே போச்சு. "கொஞ்சம் கட்டி கட்டியாவே வுடு. பல்லுல பழம் பட்டாத்தான் நம்புவாங்க"ன்னாரு எங்க வூட்டுக்காரர். எனக்கு மனசே ஆறல. நைசா அரைக்கக் கத்துக்கிட்டவ, வேணும்னே மட்டமா அரைக்கணுமாம்! ஆனா வித்த மாடு கண்ணு முன்னால நின்னுச்சு. பல்லைக் கடிச்சிக்கிட்டு மிக்சியைப் பாதியிலயே நிறுத்தினேன்.

முதல் டம்ளரை வாங்கினவரு கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர். ஒரு வாழைப்பழத் துண்டு ஸ்ட்ராவுல அடைச்சுக்கிச்சு. கன்னம் ரெண்டும் ஒட்டிப்போக இழுத்துப் பாத்தாரு, வரல. அங்க டிரைவரு ஆரன் மேல ஆரன் அடிக்கிறாரு. டம்ளரை என் முன்னால வெச்சிட்டு ஓடிக்கிட்டே கத்தினாரு: "மென்னு திங்கறதுக்கு நான் பழமாவே வாங்கித் தின்னிருப்பேனேம்மா!"

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். கடை படுத்தாலும் படுக்கட்டும், இனிமே கட்டி வுட மாட்டேன்.

கொட்டை

சீத்தாப்பழ சீசன் வந்துச்சு. அதுல ஒரு கொட்டை பிளேடுல பட்டாலும் மொத்தமும் கசந்து போவும். ஒவ்வொண்ணா விரலால பிதுக்கி எடுக்கணும். நகக்கண்ணெல்லாம் எரியும். எடுத்த கொட்டையை எல்லாம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு, கல்லா மேல சாட்சிக்கு வெச்சேன். இதுக்கு மேல எவன் என்ன பேசுவான்னு ஒரு தைரியம்.

தருமபுரியிலேருந்து வண்டியில ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க. அந்தம்மா குடிச்சிட்டு, "எவ்ளோ நைசா இருக்குது!"ன்னாங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க. அந்தாளு கிண்ணத்தை எட்டிப் பாத்தாரு. "வெவரமான ஆளுங்க, கொட்டையை மட்டும் தனியா வாங்கி வெச்சிருக்காங்க பாரு"ன்னு பொண்டாட்டி காதுல சொன்னாரு. காதுல சொன்னது எனக்கே கேட்டுச்சு. கரண்டியை ஓங்கிக்கிட்டு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு: "பவுடரா இருந்தாலும் அசல் பழம் மாதிரியே பண்றீங்கக்கா, வூட்டுக்கு இன்னும் நாலு பார்சல் கட்டிக் குடுங்க!"

கடை இப்ப நல்லாத்தாங்க ஓடுது, ஆனா அசல் பழத்தை அரைச்சு ஊத்தி 'நல்ல பவுடரு'ன்னு பேரு வாங்கினவ இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.