பாட்டாக மாறிய ‘ஒத்தச் சாவி’

தானியேல் நாடகம் எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். ஆரம்பாக்கம் சபையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஏதாவது சிரிக்கிற மாதிரி போடுங்கள் என்று அப்போதிருந்த போதகர் கேட்டார். வேறு யாரும் முன்வராததால் தானியேல் தலையாட்டிவிட்டார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் தன் வீட்டு நடப்பையே எழுதினார்.

அவருக்கு அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் மில்லில் இரவு ஷிப்டு. மனைவி சுகிர்தாவுக்கு அங்கேயே ஒரு துணிக் கம்பெனியில் பகல் வேலை. மகள் சோனியா பகலெல்லாம் பெரியம்மா வீட்டில் இருப்பாள். வீட்டுக்குப் பூட்டு ஒன்று, சாவியும் ஒன்று. காலையில் சுகிர்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆரம்பாக்கத்தில் ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் வந்து இறங்குவாள். ஊருக்குப் போகிற ரயிலுக்காக அவர் அங்கே காத்திருப்பார். மேம்பாலப் படிக்கட்டில் சாவி கைமாறும். சாயங்காலம் அதே படிக்கட்டில் அவர் கையிலிருந்து அவள் கைக்குத் திரும்பிப் போகும். குழம்பில் உப்பு, சோனியாவுக்குச் சளி, சொந்தக்காரர் கல்யாணம், எல்லா வாக்குவாதமும் அந்தப் படிக்கட்டில்தான், ரயில் ஊதுவதற்குள்.

நாடகத்துக்கு ‘ஒத்தச் சாவி’ என்று பெயர் வைத்தார். புருஷனாக அவரே நடித்தார். சுகிர்தா மேடையேற மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் மனைவி வேஷத்துக்குச் சபையிலிருந்த நண்பர் மோசஸ் சேலை கட்டினார். மீசையோடு அவர் படியிறங்கி வந்தபோதே ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாடகத்தில் ஒரு டீக்காரர் வருவார். “ஏம்பா, டூப்ளிகேட் சாவி ஒண்ணு போட்டா இன்னா?” என்று அடிக்கடி கேட்பார். “நாளைக்குப் போட்டுடலாம்ணா” என்பான் புருஷன். ஒவ்வொரு முறையும் பந்தலே அதிர்ந்தது. சுகிர்தாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதைத் தானியேல் மேடையிலிருந்தே பார்த்தார்.

வருடங்கள் ஓடின. தானியேலுக்குப் பகல் ஷிப்டு கிடைத்தது. மோசஸ் காலமானார். சோனியா கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அவளும் புருஷனும் வேலைக்குப் போகிறவர்கள். முதல் குழந்தை பிறந்ததும் சுகிர்தா கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அதற்குள் இரண்டாவது பிறந்தது. பெரியதுக்குப் பள்ளிக்கூடம், சின்னதுக்குச் சாப்பாடு, குளியல். சுகிர்தா ஊருக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறவளானாள்.

யார்மேலும் குறை சொல்ல முடியாத பிரிவு அது. சண்டையென்றால் சமாதானத்துக்கு ஆள் அனுப்பலாம். இதற்கு யாரை அனுப்புவது? தானியேல் வேலை முடிந்து வந்து ஒரு ஆளுக்கு உலை வைப்பார். டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் துணி துவைப்பார். சுகிர்தா தினம் போன் செய்வாள். “சாப்டியா?” “சாப்டேன். நீ?” “இனிமேதான்.” அதற்குள் பின்னால் ஒரு குழந்தை அழும். “வெச்சிடறேன்.” ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாராவது, “சிஸ்டர் எப்ப வராங்க?” என்பார்கள். “வருவாங்க” என்பார்.

போன வருடம், மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், வாலிபர் குழுவிலிருந்து ஏஞ்சல் அவரைத் தேடி வந்தாள். பொன்னேரியில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். ‘ஒத்தச் சாவி’ போட்டபோது அவள் கைக்குழந்தை.

“அங்கிள், உங்க நாடகத்த எடுத்து நாங்க மியூசிக்கலா பண்ணப்போறோம்” என்றாள்.

“அப்டின்னா?”

“பேசறதுல பாதிய பாட்டா மாத்திடுவோம். ஜோஷ்வா கீபோர்டு. படிக்கட்டுலயே டான்ஸ்கூட இருக்குது.”

“அது வெறும் தமாசும்மா. அதுல இன்னா பாட்டு போடுவீங்க?”

“நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க அங்கிள்.”

அவர் சரி என்றார். அன்று சாயங்காலம் போனில் சுகிர்தாவிடமும் சொன்னார். “அப்டியா?” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்னதைத் தூக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமைகளில் ஒத்திகைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தான் எழுதிய வசனத்துக்குப் பிள்ளைகள் தாளம் போடுவது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு காலே தானாக ஆடியது. நல்ல தமாசுகள் என்று அவர் நினைத்திருந்த சிலதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் கலைந்து போகும்போது, “அங்கிள், வரோம்” என்று பைக்கில் ஏறுவார்கள். அவர் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு நடந்து வருவார். கடைசிப் பாட்டு மட்டும் அவர் இருக்கும்போது ஒத்திகைக்கு வரவே இல்லை. இன்னும் மெட்டு அமையவில்லை என்றாள் ஏஞ்சல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் நாடகம். சபை மைதானம் நிறைந்திருந்தது. மனைவியாக ஏஞ்சலே நடித்தாள். டீக்காரர் “டூப்ளிகேட் சாவி” என்று பாடி ஆரம்பித்ததும் மேடையிலிருந்த எல்லோரும் சேர்ந்து “நாளைக்கு, நாளைக்கு” என்று ஆடினார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தானியேலும் சிரித்தார்.

அவர் எழுதிய நாடகம், புருஷன் தூங்கி வழிந்துகொண்டே ரயிலேறுவதோடு முடியும். இங்கே ரயில் போய்விட்டது. மனைவி மட்டும் படியில் நின்றுகொண்டிருந்தாள். கீபோர்டு இசை மெதுவாக எழுந்தது.

“பையடியில இன்னொரு சாவி இருக்குது,
அவருக்கு மட்டும் அது தெரியாது.
எடுத்து நீட்டிட்டா நாளைக்கு
யார் நிப்பா படியில எனக்காக?”

முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். தானியேலுக்கு முதலில், நன்றாகக் கற்பனை செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அடுத்த அடியில், நீலநிறத் துணிப்பை, அறுந்துபோய்த் தைத்த வார், பஜாரில் சாவி போடுகிற பாய் என்று வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நீலப் பை சுகிர்தாவுடையது. வாரைத் தைத்துக் கொடுத்தது அவர்தான்.

முடிந்ததும் ஏஞ்சலைத் தேடிப் போனார். அவள் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாட்டு யார் சொல்லிக் குடுத்தது?”

“ஆன்ட்டிதான் அங்கிள். அந்தப் பொண்ணு மனசுல இன்னா இருந்திருக்கும்னு போன் பண்ணிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினாங்க. உங்ககிட்ட சொல்லாதன்னாங்க. மேடையில கேக்கட்டும்னு.”

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஓசூருக்குப் போன் செய்தார்.

“பாத்தேன். ஏஞ்சலு ஒரு பையன வுட்டு வீடியோ கால் போட வெச்சிது” என்றாள் சுகிர்தா. “நீ ஓரமா தனியா குந்திக்கினு இருந்த.”

“ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ கேக்கல. அந்தப் பொண்ணு கேட்டுது, சொன்னேன்.” குரலில் கோபம் இல்லை. “அதுவுமில்லாம, சொல்லியிருந்தா நீ நல்லதாப்போச்சுன்னு முந்தின ரயில்ல ஏறியிருப்ப.”

அது உண்மைதான் என்று அவருக்குத் தெரிந்தது. இரவெல்லாம் அனல் முன்னால் நின்ற உடம்பு அது. படுக்கை எப்போது கிடைக்கும் என்று மட்டுமே நினைத்த நாட்கள். அவள் வரும் ரயில் தாமதமானால் எரிச்சல்தான் பட்டிருக்கிறார்.

“நான் அங்க வரட்டா?” என்றார்.

“வாயேன். ஆனா படுக்க எடமில்ல. ஹால்லதான் படுக்கணும்.”

புது வருஷத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓசூருக்குப் போனார். ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். பகலெல்லாம் சுகிர்தாவுக்குக் கை ஓயவில்லை. காலையில் பேரனை ஸ்கூல் வேனுக்கு விடப் போகும்போது அவரும் கூட நடந்தார். அங்கே தெருவில் பனி இறங்கியிருந்தது. வேன் வருகிறவரைக்கும் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். அவருக்குக் கேட்பதற்கு நிறைய இருந்தது. “குளுருதா?” என்று மட்டும் கேட்டார். “பழகிடுச்சு” என்றாள். வேன் வந்தது. சின்னது எழுந்திருக்கும் நேரம் என்று அவள் வேகமாக நடந்தாள். இவர் பின்னாலேயே வந்தார்.

பொங்கலுக்குப் பிறகு பொன்னேரிச் சபையில் நாடகத்தைப் போடக் கூப்பிட்டார்கள். ஏஞ்சல் அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டாள். முன்வரிசையில் நாற்காலி போட்டு, எழுதியவர் என்று சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். டீக்காரர் பாட்டுவரைக்கும் உட்கார்ந்திருந்தார். மேடையில் ரயில் கிளம்பியதும் மெல்ல எழுந்து வெளியே வந்தார்.

வேன்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். “இன்னாண்ணே, நாடகம் புடிக்கலியா?”

“புடிச்சிது” என்றார் தானியேல்.

உள்ளே பாட்டு போய்க்கொண்டிருந்தது. வார்த்தைகள் காதில் விழாத தூரத்துக்கு, வாசல் கேட் வரைக்கும் நடந்தார். அங்கே நின்று சாலையில் போகிற கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டதும் திரும்பிப் போய், பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று வணக்கம் சொல்வதைப் பார்த்தார்.