தரை காயும் வரை

என் அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது கடித்து வைத்துவிடுவேன் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய கோப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருபத்தாறு வருஷமாக டியூப்லைட் வெளிச்சத்தில் தேதிவாரியாகக் கோப்பு அடுக்குகிறாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் படம் பார்ப்பாள். சினிமாப் படம் இல்லை. மலை, காடு, ஆறு என்று யாரோ எங்கோ போய் எடுத்துப் போட்ட போட்டோக்கள். அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ஊர் சுற்றுகிறவர்கள் படம் போடுவார்கள், மற்றவர்கள் "சூப்பர்" என்று தட்டிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள்.

அக்கா அப்படித் தாவுகிற ரகம் இல்லை. ஒரே படத்தைப் பத்து நிமிஷம் பார்ப்பாள். ஒருதரம் ஒருவர் அருவிப் படம் போட்டிருந்தார். அக்கா அதற்குக் கீழே எழுதினாள்: "தண்ணியை விடுங்க, இடது பக்கப் பாறையைப் பாருங்க. பாசி எதுவரைக்கும் படர்ந்திருக்குன்னு தெரியுது. இந்த அருவி இதைவிட ரெண்டு மடங்கு அகலமா விழுந்த காலம் உண்டு." எடுத்தவரே அப்போதுதான் அந்தப் பாறையைக் கவனித்தாராம். இத்தனைக்கும் அக்கா தன் வாழ்நாளில் ஓர் அருவியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

காரணம் அத்தான். உடனே குடிக்கிறவர், அடிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்தால் எனக்கு வேலை சுலபம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அத்தான் தங்கமான மனுஷர். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவே அவரை "இன்ஜினியர்" என்றுதான் கூப்பிடும். வீட்டை இடித்து இடித்துக் கட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அக்கா கல்யாணமாகி வந்தபோது இருந்த சுவர்களில் ஒன்றுகூட இன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. சமையலறை மூன்று தரம் இடம் மாறியிருக்கிறது. ஒருதரம் நான் பழைய ஞாபகத்தில் பாத்ரூம் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன், உள்ளே பூஜை அலமாரி.

இந்த வேலையில் அக்காவின் பங்கு ஏணியைப் பிடிப்பது. "ஒரு நிமிஷம் இதைப் பிடிம்மா" என்பார். அவருடைய ஒரு நிமிஷம் என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுசும். ஒரு கையில் ஏணி, இன்னொரு கையில் போன், போனில் பனிமலை. அந்தக் கோலத்தில் அவளை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சிரித்தும் இருக்கிறேன்.

எங்காவது போகலாம் என்று அவள் வாயைத் திறந்தால், "இந்த வேலை முடியட்டும், போலாம்" என்பார். அந்த வேலை முடிந்தால்தானே! கடல் வற்றிக் கருவாடு தின்னக் காத்திருந்த கொக்கு கதைதான்.

போன மாசம் அந்தக் குழுவின் தலைவி, ஒரு பல் டாக்டர், அக்காவுக்கே போன் செய்தார். "நாங்க பன்னெண்டு பேர் வேன் வச்சுக்கிட்டு மலைக்கு மேல இருக்கற ஏரிக்குப் போறோம். நாலு நாள். நீங்க வந்தே ஆகணும். நாங்க எடுத்த படத்தை எங்களுக்கே புரிய வைக்கறவங்க நீங்க. ஒரு தடவை நேர்ல பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா சரி என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "சரின்னு சொல்லிட்டேன்டி" என்றாள், ஏதோ திருடிவிட்டவள் மாதிரி. அத்தானிடம் கேட்டாள். "தாராளமா போய்ட்டு வா" என்றார். லீவு போட்டாள். புதிதாக நல்ல செருப்பு வாங்கினாள். நாலு நாளும் போட வேண்டிய உடுப்பைக் கட்டிலில் பரப்பிப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்த மாதிரி அவளை நான் கல்யாணத்துக்கு முன்னால்தான் பார்த்திருக்கிறேன்.

வேன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருமுனைக்கு வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை டைல்ஸ்காரர் அத்தானுக்குப் போன் செய்தார். ஹாலுக்குத் தரை போட ஆறு மாசமாக அவரைத் துரத்திக்கொண்டிருந்தார் அத்தான். நாளைக்கு ஒரு நாள்தான் கையில் வேலை இல்லை, வரட்டுமா என்றார். அவர் கிடைப்பதே குதிரைக்கொம்பு, விடுவாரா மனுஷர்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தபோது ஹாலின் முன்பாதி முடிந்திருந்தது. வாசலில் முழுக்கல்லாகத் தெரிய வேண்டும், வெட்டின துண்டுக் கல்லெல்லாம் உள்ளே மறைவில் போக வேண்டும் என்பது அத்தானின் சட்டம். அதனால் வாசலில் ஆரம்பித்து உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அக்கா சமையலறையின் பின்கதவு வழியாக நுழைந்து படுக்கையறைக்குப் போனாள். "தூசி வரும், கதவைச் சாத்திக்கோ. முடியறதுக்கு முன்னாடி கூப்பிடறேன்" என்றார் அத்தான். அவள் சாத்திக்கொண்டு பையை அடுக்கினாள்.

நான் நாலு மணிக்கு வழியனுப்பப் போனேன். டைல்ஸ்காரர் கலவைக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தான் பின்வாசலில் நின்று தரையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்கத் தரை போட்டாயிற்று. படுக்கையறைக் கதவு ஹாலுக்குள்தான் திறக்கும், வேறு வழி கிடையாது.

"அக்கா எங்கே அத்தான்?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஐயையோ! அவ உள்ள இருக்கறதே மறந்து போச்சு!"

மறந்துவிட்டாராம். முப்பது வருஷப் பொண்டாட்டியை, சாவியை மறந்து வைக்கிற மாதிரி.

டைல்ஸ்காரர் நல்லவர். "இருபத்திநாலு மணி நேரம் கால் படக்கூடாதுதான். ஆனா அம்மாவுக்கு அவசரம்னா அந்தப் பலகையைப் போட்டு நடக்கச் சொல்லுங்க சார். ரெண்டு கல்லு இறங்கினா நாளைக்கு வந்து எடுத்து வச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

"ரெண்டு கல்லா? வாசல்லேர்ந்து நூல் பிடிச்சு வந்திருக்கோம் தெரியுமா? ஒண்ணு இறங்கினா கோடே போச்சு!"

"அத்தான், வேன் அஞ்சு மணிக்கு!"

"ஏரி எங்கயும் ஓடிடாதும்மா. அவதான் தினமும் போன்லயே பாக்கறாளே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கி நாலு கல்லைப் பெயர்த்திருக்க வேண்டும். கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். அப்புறம் சந்துப்பக்கம் சுற்றிக்கொண்டு போய் படுக்கையறை ஜன்னலில் நின்றேன். அத்தான் தன் கையாலேயே பொருத்தின கம்பி ஜன்னல். அதில் பையே வெளியே வராது, அக்கா எங்கே வருவது!

அக்கா புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

"நடந்து வாக்கா. நாலு எட்டு வச்சா சமையலறை. நான் பாத்துக்கறேன் அந்த மனுஷனை."

அவள் எழுந்து கதவு வரை போனாள். நின்றாள். குனிந்து தரையைப் பார்த்தாள். "அவ்வளவு நேரா போட்டிருக்காங்கடி" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இரு, நான் அந்தப் பக்கம் போய் ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன்" என்று ஓடினேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, "ஒண்ணும் முடியாதுக்கா" என்றேன்.

ஐந்துக்கு டாக்டர் போன் செய்தார். ஐந்தே காலுக்கும் செய்தார். இரண்டாவது தரம் அக்கா, "வீட்ல கொஞ்சம் வேலை டாக்டர், நீங்க கிளம்புங்க, படம் மறக்காம போடுங்க" என்றாள். குரல் துளிகூட நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

ஆறு மணி இருக்கும். படுக்கையறையில் சார்ஜில் கிடந்த அத்தானின் போன் அடித்தது. கதவு திறந்தது. அத்தான் செருப்புக் காலோடு உள்ளே வந்து போனை எடுத்தார். "ஆமாப்பா, இன்னிக்கு முடிஞ்சிடுச்சு, பிரமாதமா வந்திருக்கு!" என்று யாரிடமோ சொன்னார்.

நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "அத்தான், எப்படி உள்ள வந்தீங்க?" என்றேன்.

அவர் திரும்பித் தரையைப் பார்த்தார். "அட, ஆமால்ல! போன் அடிச்ச அவசரத்துல நடந்துட்டேன்." அறை வாசற்படியில் நின்று ஒரு காலால் அழுத்திப் பார்த்தார். "பாத்தியா? ஒரு கல்லுகூட அசையல. என்ன கலவை, என்ன கலவை!"

அப்புறம் அக்காவின் பையைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டார். "விடும்மா. இந்தச் சுவர் பூராவும் பெரிய மலைப் படம் ஒண்ணு ஒட்டிடலாம். தினம் எழுந்திரிச்சதும் மலையைப் பாக்கலாம், எங்கயும் அலைய வேணாம்" என்றார். உடனே அளவு எடுக்க டேப் கொண்டுவரப் போனார், அதே தரையில் நடந்து.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டினாள்.

"அவரைத் திட்டாதடி. அவர் ஒண்ணும் கதவைப் பூட்டிட்டுப் போகல. நாலு எட்டு. நான்தான் நடக்கல."

சொன்ன பிறகுதான் அழுதாள். நான் கம்பிக்குள் கையை விட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நிமிஷத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே, அப்போது அத்தான் டைல்ஸ்காரரை அனுப்ப வெளியே போயிருந்தார். சமையலறையில் யாரும் இல்லை. பலகை என் கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன், காலைத் தூக்கினேன். தரை அவ்வளவு அழகாக இருந்தது. தூக்கின காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.