பிறந்த ஊருக்குப் போன கடிகாரம்

தீவின் வடக்கே, மாயாபந்தரில் தங்கை வீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மரகதம் அக்காவின் போன் வந்தது. "தம்பி, அவங்க போயிட்டாங்க" என்றார். நான் வாய் கொப்பளிப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "வாட்ச் வந்துருச்சா? கையில கட்டி அனுப்பணும்னு நெனச்சேன்."

வரவில்லை. அக்காவின் கணவர் சீஃப் தணிகாசலத்தின் கடிகாரம் அன்று ஜெர்மனியில் இருந்தது. அனுப்பி வைத்த புண்ணியவான் நான்தான். பழங்குடியினர் இருக்கும் காட்டு வழியில் வண்டிகளை நேரம் பார்த்துக் கூட்டமாகத்தான் விடுவார்கள். நான் காத்திருந்து கிளம்பி, தெற்கே அவர்கள் இருக்கும் ஜங்லிகாட் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நம் தமிழ் மன்றத்து நண்பர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கப்பல்களில் சீஃப் எஞ்சினியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை போட்டார். கடல் அனுபவம் பேசுவார் என்று நம்பி மன்றத்துக்கு அழைத்தோம். மனிதர் பேசியதெல்லாம் ஜெர்மனியின் ஒரே ஒரு கடிகாரக் கம்பெனியைப் பற்றி. ஹாம்பர்க்கில் கப்பல் பழுதுக்கு நின்றபோது பழைய கடை ஒன்றில் அந்தக் கம்பெனியின் கடிகாரம் ஒன்றை வாங்கியிருந்தார். அதிலிருந்து பிடித்த பைத்தியம்.

போர் முடிந்தபின் அரசாங்கம் அந்தப் பட்டறையை எடுத்துக்கொண்டதையும், கம்பெனியின் பெயரே கடிகார முகப்பிலிருந்து காணாமல் போனதையும், பெர்லின் சுவர் விழுந்தபிறகு குடும்பத்தார் திரும்பி வந்து மறுபடி தொடங்கியதையும் அவர் சொல்லும்போது யாரும் டீ குடிக்க எழுந்து போனதில்லை. மாடல் வரிசைகளை உறவுமுறை வைத்துத்தான் சொல்வார். முகப்பின் நடுவை விட்டு முள்கள் ஒதுங்கி நிற்கும், தேதி மட்டும் பெரிதாகத் தெரியும் வரிசை 'மூத்தவள்'. அலங்காரமே இல்லாத வட்ட வரிசை 'சாது'. அவர் கையில் இருந்தது அதுதான். பின்னால் வந்த எஃகு வரிசை, நீச்சலுக்குக்கூடக் கட்டலாம் என்பது, 'கடைக்குட்டி'. "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்று அதன்மேல் அவருக்கு எப்போதும் கோபம்.

"சீஃப், நம்ம ஊர்ல அஞ்சு மணிக்கே இருட்டிடுது. இங்க அந்த வாட்ச் எதுக்கு?" என்று ஒருமுறை நான் சீண்டினேன். "அரே, இருட்டறது சூரியனோட தப்பு. வாட்ச் என்ன பண்ணும்?" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது, என்னைப் பார்த்து.

நீள்சதுர வரிசையை அந்தக் கம்பெனி கைவிட்டதைச் சொன்ன அன்று யாரோ கம்பெனியைத் திட்டினார்கள். சீஃபுக்குப் பிடிக்கவில்லை. "நிறுத்தினவன என்னத்துக்குத் திட்றீங்க? வாங்காம வேடிக்கை பார்த்தது நாமதானே" என்றார். உலகத்தின் அந்த மூலையில் நடந்ததற்கும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் மனிதர் அவர். அன்றே, அந்தக் கம்பெனியில் கடிகாரத்தைப் பாகம் பாகமாக இரண்டு முறை கட்டுவார்கள் என்றும் சொன்னார். ஒருமுறை கட்டி ஓட்டிப் பார்ப்பார்களாம். நன்றாக ஓடினாலும் மொத்தத்தையும் பிரித்து, துடைத்து, மெருகேற்றி, மறுபடி கட்டுவார்களாம். ஓடுவதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்டேன். "முதல் கட்டு ஓடறதுக்கு. ரெண்டாம் கட்டு மானத்துக்கு."

அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் அவரை மடக்கினேன். அவர் கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்த ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் சாவி கொடுக்கும்போது முள்ளைச் சரிசெய்துகொள்வார். அவருக்கு அது ஒரு குறையாகவே இல்லை. நான் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்றால் தெருவே மூக்குக் கண்ணாடியும் மிக்ஸி ஜாரும் கொடுத்தனுப்புமே, அந்தப் பழக்கத்தில் நானே வலியப் போய்க் கேட்டேன்.

"குடுங்க சீஃப், சர்வீஸ் பண்ணிக் கொண்டாரேன்."

"ஓடுதுல்ல, விடுங்க எழுத்தாளரே."

"மானம்னு நீங்கதானே சொன்னீங்க?"

கழற்றிக் கொடுத்தார். அவருக்கு உதவ மட்டுமா கேட்டேன்? சென்னையில் அந்தக் கம்பெனி வாட்ச் விற்கும் குளுகுளு கடைக்குள் அப்படியொரு கடிகாரத்தோடு நுழைந்து, நாலு பேர் எழுந்து நிற்பதைப் பார்க்கும் அல்ப ஆசை எனக்கு. எழுந்தும் நின்றார்கள். பிறகு, இதை ஜெர்மனிக்கே அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பிறந்த ஊருக்குப் போகுதா! போயிட்டு வரட்டும்" என்று ஜங்லிகாட் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அதற்குள் சிறுநீரகம் அவரைக் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் அடிக்கடி இடது கையைத் தூக்கிப் பார்ப்பார். கடிகாரம் இருந்த இடம் வெளுத்திருக்கும். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டால் சொறிவதுபோல் பாவனை செய்வார், எனக்கு வலிக்கக் கூடாதென்று. அக்கா என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "பிரிச்சது பிரிச்சபடி இருந்தாலும் பரவால்ல தம்பி, அனுப்பச் சொல்லுங்க" என்றார். கடையில் விசாரித்தேன். முதல் கட்டு முடிந்துவிட்டது, கேட்டால் அப்படியே அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். சீஃபிடம் சொன்னேன். "வேணாம். எனக்காக அவங்க வழக்கத்த மாத்தக்கூடாது."

அவர் பேச்சைத் தட்டி நான் வரவழைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்தமுறை போனபோது, இரண்டாம் கட்டும் முடிந்து கடிகாரம் கிளம்பிவிட்டது என்று புளுகினேன். சிரித்தார். "அவ்ளோ சீக்கிரம் முடிச்சா அது அந்தக் கம்பெனியே இல்ல. பொய் சொல்லத் தெரியாம எப்படிய்யா கதை எழுதறீங்க?" என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கருமாதி முடிந்தபின் கடிகாரம் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அக்கா எனக்காகக் காத்திருந்தார். "முதல்ல பின்பக்கம் பாருங்க. அவங்க அப்படித்தான் பார்ப்பாங்க." பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒவ்வொரு சக்கரமும் புதுசாக மின்னியது. "எனக்குச் சாவி குடுக்கத் தெரியாது. தினம் காலைல நீங்க வந்து குடுத்துட்டுப் போங்க" என்றார். தண்டனையா மன்னிப்பா, கேட்கத் துணிவில்லை. தினமும் போகிறேன்.

அது இப்போது கொஞ்சமும் பிந்துவதில்லை. சில நாள் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "முன்ன மாதிரி கொஞ்சம் லேட்டா ஓட வைக்க முடியாதா தம்பி? இது வேற யாரோட வாட்ச்சோ மாதிரி இருக்கு."

கடிகாரம் அக்காவிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு வேலை. ஜெர்மனியில் இரண்டு முறை கட்டி யாரோ சரிசெய்து அனுப்பியதற்கு, தினமும் காலையில் சாவி கொடுத்தபிறகு, சீஃப் போலவே முள்ளைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு இரண்டு நிமிடம் பின்னால் தள்ளி வைக்கிறேன்.