சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு பனிக்காலம்

என் தங்கை போன பனிக்காலத்தைக் கனடாவில் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தே கழித்தாள். அதே நேரத்தில் நான் வெள்ளவத்தையில் கடற்கரை வீதியில் நடந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு போன். அந்த நடைக்கு யோசனை சொன்னதும் நான்தான், அதில் பிழை விட்டதும் நான்தான். பிள்ளையார் பொறுத்துக்கொண்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு அறுபது வயது. எனக்கு இரண்டு வயது இளையவள். அவளுடைய மனுசன் காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். எங்கள் வீடு பழைய தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது, நாற்பத்திரண்டு படி. மகன் கூப்பிட்டானென்று ஆவணியில் போனவள், சித்திரை வருசத்துக்குத் திரும்பி வந்துவிடுவேன் என்று தன் சாமிப் படங்களைக்கூட எடுக்காமல்தான் போனாள். ஒரு சின்னப் பிள்ளையார் சிலையை மட்டும் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மார்கழி பிறந்து முதல் பனி கொட்டிய அன்று, குப்பை வைக்கவென்று வீட்டுச் செருப்போடு வாசலில் இறங்கி வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை, ஆண்டவன் காத்தான். ஆனால் வலது முழங்கால் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. மடக்க ஏலாது, நீட்டவும் ஏலாது.

இரண்டு கிழமை கழித்து மகன் எனக்குப் போன் எடுத்தான்.

"பெரியம்மா, கோவிக்காதேங்கோ. உங்கட நாற்பத்திரண்டு படியை இந்தக் காலோட அம்மா ஏறமாட்டா. ஏறக்கூடிய மாதிரி வந்தால் அனுப்புறன். இல்லாட்டி இஞ்சயே இருக்கட்டும்."

அவன் நல்ல பிள்ளை. பயத்தில் சொன்னான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து தங்கையின் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, இந்த வெள்ளையைப் பாத்துப் பாத்தே நான் போய்ச் சேரப்போறன்" என்றாள்.

கிழமைக்கு ஒருமுறை பிசியோ பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வருவாள். ஒரே இடத்தில் இருந்தால் கால் இறுகிவிடும், தினமும் நடக்க வேண்டும், வெளியே போகப் பயமென்றால் வீட்டுக்குள்ளாவது நட என்று அவள் சொல்லியிருந்தாள். என் தங்கைக்கு இருந்த இடத்தில் செய்கிற வேலைகள்தான் கைவந்தவை. குரோசே பின்னுவாள். ஜன்னலோரத்தில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மிளகாய்க் கன்று வைத்து, அதற்குப் பேச்சுக் கொடுப்பாள். மற்ற நேரம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து முன்வீட்டு வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எழுபது தாண்டின மனுசி அக்கா. விடியவே சவளை எடுத்துக்கொண்டு வந்து ஸ்னோவை அள்ளி அள்ளி எறியுது. பாட்டு வேற. நான் இஞ்ச இருந்து பிள்ளையாருக்குக் கம்பளித் தொப்பி பின்னுறன்."

"அவருக்கென்னத்துக்கடி தொப்பி?"

"கனடாவுக்கு வந்தவர்தானே? அவருக்கும் குளிரும்."

வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். குசினியிலிருந்து ஹோல், ஹோலிலிருந்து குசினி. இரண்டு நாளில் அலுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த உடற்பயிற்சி கோயிலை வலம் வருவது ஒன்றுதான். சலிக்காமல் நடக்க வேண்டுமென்றால் நடுவில் சாமி இருக்க வேண்டும்.

"பிள்ளையாரைச் சாப்பாட்டு மேசைக்கு நடுவில வை. மேசையை வலமாச் சுத்து. நானும் போனோட கடற்கரையில நடக்கிறன். முதல் இருபத்தேழு. பிறகு பாப்பம்."

எங்களுக்குப் பின்நேரம் ஐந்தரை, அங்கே காலை ஏழு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். தங்கை இரண்டு கோப்பையை வைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் கச்சான் கடலையை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவாள். நான் தண்டவாளத்தின் ஓரமாக, கடல்காற்றில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அவள் அங்கே பனி எவ்வளவு உயரம் நிற்கிறதென்று சொல்வாள், நான் இங்கே வியர்வை துடைப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து தேவாரம் ஒன்று. ரயில் வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்ப அதே அடியிலிருந்து தொடங்குவோம்.

என் மனுசன் வீட்டிலிருந்து பகிடி பண்ணுவார். "தேவாரம் பாடிக்கொண்டு கடலுக்குள்ள இறங்கிடாதையும். பிறகு நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடிக்கவேணும்."

இருபத்தேழு ஐம்பத்துநான்காகி, தைப்பொங்கலுக்கு நூற்றெட்டில் வந்து நின்றது. அவள் குரலும் நிமிர்ந்துவிட்டது. எண்ணி முடித்த கச்சானைப் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டுத் தானே சாப்பிட்டுவிடுவாள். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன், நேர்த்திக்கடன் நிறைவேறிய மாதிரி.

பிறகு முழங்காலின் ஒரு பக்கம் திரும்ப வீங்கத் தொடங்கியது.

முதலில் மறைத்தாள். கச்சான் கோப்பைச் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறதே என்று கேட்டபோதுதான் சொன்னாள். அடுத்த கிழமை பிசியோ பிள்ளை வந்து, எப்படி நடக்கிறாய், காட்டு என்றிருக்கிறாள். இவள் காட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை தலையில் கை வைத்ததாம். சின்ன மேசை. ஒரே பக்கமாக நூற்றெட்டுத் தரம். ஒவ்வொரு திருப்பத்திலும் உள்பக்கத்துக் கால்தான் முறுகும். அதுவும் அந்த நோவுள்ள வலது கால். பாதியை மற்றப் பக்கமாக நட, சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"மற்றப் பக்கமாவது? அக்கா, செத்தவீட்டிலதானே இடமாச் சுத்துறது? பிள்ளையாரை நடுவில வைச்சுக்கொண்டு நான் அப்பிடிச் சுத்துவனோ?"

வலமாகச் சுத்து என்று சொன்னது என் வாய்தானே. அவளை வீட்டுக்குக் கொண்டுவரவென்று சொன்ன வார்த்தையே அவளை அங்கே இருத்தப் பார்க்கிறது.

என் மனுசன் லேசாகச் சொல்லிவிட்டார்: "பிள்ளையாரைத் தூக்கி அலுமாரியில வைக்கச் சொல்லும். பிறகு அது வெறும் மேசைதானே."

இதை நான் தங்கையிடம் சொன்னேன்.

"ஒரு மாதமாச் சுத்திப்போட்டு, இப்ப கால் நோகுதெண்டு ஆளை எழுப்பிவிடுறதோ? நீங்கள் எழுப்புவியளோ, அக்கா?"

நான் எழுப்பமாட்டேன்.

ஐந்து நாள் அவள் நடக்கவில்லை. நான் மட்டும் போனில்லாமல் கடற்கரைக்குப் போய் வந்தேன். நாங்கள் போனில் பேசுவதைத் தினமும் கேட்கிற வடைக்காரர் சிங்களத்தில் கேட்டார், இன்றைக்குத் தங்கச்சி வரவில்லையா என்று. முகம் தெரியாத தங்கச்சி அவருக்கும் பழகிவிட்டாள். மகன் போன் எடுத்து, அம்மாவின்ர பிளேன் ரிக்கெற்றைத் தள்ளிப்போடட்டோ என்றான். இரண்டு நாள் பொறு அப்பன் என்றேன். எதை நம்பிச் சொன்னேனென்று எனக்கே தெரியாது.

அந்த இரண்டு நாளுக்குள் பிரதோஷம் வந்தது. சிவன் கோயிலில் நல்ல சனம். பிரதோஷத்தன்று சுற்றுகிற முறை வேறு. நந்தியடியிலிருந்து இடப்பக்கமாகச் சண்டேசுவரர் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நந்திக்கு வந்து, பிறகு வலமாக, அபிஷேகத் தண்ணீர் விழுகிற கோமுகி வரைக்கும் போவோம். கோமுகியைக் கடக்கக் கூடாது. வந்த வழியே திரும்ப வேண்டும். முப்பது வருசமாக இப்படித்தான் சுற்றுகிறேன். வாய் நமசிவாய சொல்லும், கால் தன்பாட்டில் போகும்.

அன்றைக்குச் சண்டேசுவரரடியில் கை தட்டிவிட்டுத் திரும்பின நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த அம்மா என் முதுகில் மோதினாள்.

"என்னக்கா, இப்பிடித் திடீரெண்டு பிரேக் போட்டியள்?"

"பிள்ளை, நாங்கள் இப்ப இடமாவெல்லே வந்தனாங்கள்?"

"ஓம், பிரதோஷமெல்லோ! அங்கால நடவுங்கோ, சனம் நெருக்குது."

தீபாராதனை முடியும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐயர் விபூதி கொடுத்துக்கொண்டு வரும்போது விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பின்னால் வரிசை நிற்கிறது, அவருக்கோ அவசரம்.

"அம்மா, அது சிவனுக்கு உரிய முறை. உங்கட தங்கச்சி வைச்சிருக்கிறது பிள்ளையாரை."

என் முகம் விழுந்திருக்க வேண்டும். நாலைந்து பேருக்கு விபூதி கொடுத்துவிட்டு, தட்டோடு என்னிடம் திரும்பி வந்தார்.

"பிள்ளையாருக்குப் பின்னால ஒரு சிவன் படத்தை வைக்கச் சொல்லுங்கோ. மகன் தகப்பனோட இருக்கிறதில குறையில்லை. கால் நோவோட ஒரு சீவன் தன்னைச் சுத்தி நடக்குது எண்டால் பிள்ளையாருக்கு அது விளங்காதோ? சந்தோசமா நடக்கட்டும்."

படியேறி வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போன் எடுத்தேன். அங்கே காலை எட்டரை. நான் சொல்லி முடிக்க முதலே தங்கை அழத் தொடங்கிவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"படத்தை மகனைக் கொண்டு எடுப்பிக்கலாம். சண்டேசுவரருக்கும் கோமுகிக்கும் எங்க போறது?"

அதையும் அவளே கண்டுபிடித்தாள். மேசையில் தண்ணீர்ச் சாடி நிற்கிற பக்கம் கோமுகி. உப்புப் போத்தல் சண்டேசுவரர். தண்ணீர்ச் சாடியைக் கடக்கமாட்டாள். உப்புப் போத்தலடியில் மெல்லக் கை தட்டிவிட்டுத் திரும்புவாள். நடக்கிற நேரத்தில் அதை யாராவது எடுத்தால் வீடு இரண்டுபடும். "மாமி, முட்டைக்குக் கொஞ்சம் உப்பு" என்று ஒரு லீவு நாளில் மருமகள் கெஞ்சியதை நானே போனில் கேட்டேன்.

இடமும் வலமும் மாறி மாறி நடக்க, வீக்கம் மெல்ல வற்றியது. ஒரே நாளில் இல்லை. மாசி முழுவதும் எடுத்தது. மாசிக் கடைசியில் ஒருநாள், வழுக்காத சப்பாத்துப் போட்டுக்கொண்டு, பின்னி வைத்த இன்னொரு தொப்பியை முன்வீட்டு அம்மாவிடம் கொடுக்க வெளியே போயிருக்கிறாள். அந்த அம்மா சவளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்ததாம். இரண்டு பேரும் பனிக்குள்ளால் தெருமுனை வரைக்கும் நடந்திருக்கிறார்கள். அவள் இங்கிலிஷ், இவள் தமிழ்.

பிசியோ பிள்ளை வீட்டுப் படியில் ஏற்றி இறக்கிப் பார்த்து, சரி என்றாள். மகனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

சித்திரை வருசத்துக்கு நாலு நாள் இருக்க, ஒரு காலையில் வந்து இறங்கினாள். என் மனுசன் பெட்டியோடு முன்னால் ஏற, நான் பின்னால். விழுந்தால் தாங்க வேண்டுமென்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினேன். அவள் கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு நமசிவாய சொல்லி, மெல்ல மெல்ல ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள்.

"என்னடி, நோகுதோ?"

அவள் மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"இல்லை அக்கா. உங்கட படி கீழ இருந்து மேல வரைக்கும் இடப்பக்கமாத்தானே திரும்புது? இவ்வளவு காலமும் இதில ஏறிப் போய்த்தானே சாமிக்கு விளக்கு வைச்சனாங்கள். ஒருத்தரும் கேக்கேல்லையே!"

மேலே நின்ற என் மனுசன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். அதற்குள்ளிருந்து தொப்பியோடு பிள்ளையாரின் தலை தெரிந்தது. மிச்சம் பதினாலு படி. அதையும் ஏறிவிட்டாள்.