உப்பு மூட்டைக்கு அடியில் இரண்டு பிரதிகள்

1. பெட்டி

புதுச்சேரி விடுதியில் அலுமினியப் பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்த ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் வடிந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக்கு மேல் ஒரு கசப்பு. பெட்டிக்குள் ஒரு லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. மரக்காணம் உப்பளத்தில் இரண்டு நாள் நான் எடுத்த படங்கள் அவை இரண்டில் மட்டுமே இருந்தன. இரண்டுமே இயங்கவில்லை.

நில அளவை நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆவணப் புகைப்படக்காரனாகப் பணிபுரிந்தேன். இயற்பியல் பட்டதாரி. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளைக்கூட நான் தொலைத்ததில்லை. இந்த நிகழ்ச்சியை எங்கள் துறையில் சிலர் இன்றும் ‘டெக்னிக்கல் ஃபால்ட்’ என்று சொல்லி வருவதாகக் கேள்விப்படுகிறேன். அது பொய். பொய் என்பதை எழுதி வைப்பதற்காகவே இந்தக் குறிப்பு.

2. எதற்காக எடுத்தோம்

உப்புப் பாத்திகளைப் பிரிப்பவை களிமண் வரப்புகள். ஐப்பசி மழை அவற்றைக் கரைத்துவிடும். தை பிறந்ததும் மறுபடி மண் வெட்டி வரப்புப் போடுவார்கள். அப்போது கை நீண்டவன் ஒரு முழம் தள்ளிப் போடுவான். ஆகவே, மழைக்கு முன் ஒவ்வொரு வரப்பும் எங்கே இருக்கிறது என்பதைப் படமாகப் பதிவு செய்யும் பணி எங்களுக்குத் தரப்பட்டது.

குத்தகைக்குப் பாத்தி வைத்திருந்தவர்களில் அஞ்சலை என்ற அம்மையார் ஒருவர். என்னைத் தம் வரப்பின் முழு நீளத்துக்கும் நடத்திச் சென்றார்.

“நல்லா புடிங்க சார். பக்கத்துப் பாத்திக்காரரு வருசா வருசம் இந்தாண்ட வந்துனே இருக்கறாரு. மழ வுட்டா அவரு சொல்றதுதான் வரப்பு. கேட்டா, பொம்பளைக்கு இன்னா தெரியும்ன்றாரு.”

“படம் இருக்கும்மா. படத்தை மீறி யாரும் மண்வெட்டி வைக்க முடியாது” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் மிகுந்த மிடுக்கோடு சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

3. மூன்றாம் நாள் காலை

எங்கள் திட்ட மேலாளர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பயணத்துக்கு இரண்டு மெமரி கார்டுகளே கொடுத்திருந்தார். இரண்டும் நிரம்பிவிட்டன. கார்டுகளைத் தொடாமல் வைத்திருப்போம், புதியவை வாங்கித் தாருங்கள் என்றேன்.

“ரெண்டு காப்பி இருக்குதுல்ல சார்? மூணாவது எதுக்கு, மியூசியத்துல வெக்கவா? ஃபார்மேட் பண்ணுங்க.”

அப்படியானால் ஹார்ட் டிஸ்க்கையாவது கூரியரில் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

“மூணு நாள்ல நாமளே போகப்போறோம். உங்களுக்கு எப்பவும் பயம் சார்.”

ஃபார்மேட் செய்து கார்டுகளை அழித்தேன். நெட் வழியாக ஏற்றலாமென்றால், அந்த வெளியில் ஒரு படம் போய்ச் சேருவதற்குள் டீ ஆறிவிடும்.

கிளம்பும்போது மேலாளர் உப்புக் கேட்டார். வந்தவருக்கு உப்புக் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அஞ்சலை கீற்று மூடிய பழைய குவியலிலிருந்து அள்ளப் போனார். மேலாளரின் கை, வரப்போரம் அன்று காலை வாரிப் போட்டிருந்த உப்பைக் காட்டியது.

“அது வோணாம் சார். இப்பதான் வாரனது, ரெண்டு மூணு நாளு தண்ணி வுடும்.”

“வெள்ளையா இருக்குதுல்ல, அதையே போடும்மா.”

சாக்கில் கட்டி ஜீப்பின் பின்புறம், என் பெட்டியின் மேல் வைத்தார்கள். ஓட்டுநர் முனுசாமி அந்தப் பக்கத்துக்காரர்.

“சார், ஈர உப்ப பொட்டி மேல வெக்காதீங்க. கீழ எறக்கிடட்டா?”

“ஏம்பா, நீ வண்டிய ஓட்டு” என்றார் மேலாளர்.

முனுசாமி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். ஓட்டுநர் சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலாளரோடு வாதிடுவது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன். காலையில் இரண்டு முறை மறுக்கப்பட்டவன் மூன்றாம் முறையும் வாய் திறப்பதா என்ற வீம்பும் இருந்தது.

பகல் முழுதும் கீழ்புத்துப்பட்டுச் சாலையோரத்தில் வேலை. அதே கார்டுகளில் மறுபடி எடுத்தேன். அதாவது, மீட்க வாய்ப்பிருந்த கடைசி இடத்தையும் என் கையாலேயே நிரப்பினேன். பின்னால் சாக்கு வடிந்துகொண்டிருந்தது.

4. அறிக்கை

அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடைக்காரரால் லேப்டாப்பிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் எதையும் எடுக்க முடியவில்லை; கார்டுகளிலிருந்து பன்னிரண்டு படங்களை எடுத்துக் கொடுத்தார். ஏழில் வானம். மற்றவை யாருடைய குவியல் என்றே தெரியாத உப்புக் குவியல்கள். மறுபடி போய் எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மேலாளர் அறிக்கை தயாரித்து என் முன் வைத்தார். கேமராவில் ஏற்பட்ட கோளாறால் படங்கள் பதிவாகவில்லை என்று இருந்தது. உப்பு என்ற சொல்லே அதில் இல்லை.

“கையெழுத்துப் போடுங்க சார். யாருக்கும் பிரச்சினை இல்ல. மெஷின் மேல போட்டுடலாம்.”

“மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. ஈர உப்பைப் பெட்டியின் தலையில் ஏற்றியது நீங்கள். ஏற்றவிட்டது நான்.”

“ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்க பேரு கெடும் சார்.”

பெயரைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தந்தார். கையெழுத்திடவில்லை. என் அறிக்கையை நானே தனியாக எழுதி அனுப்பினேன்.

5. விசாரணை

தை மாதம் அஞ்சலையின் பாத்திகளில் ஒரு வரிசை, புது வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. மனுக் கொடுத்தார். சாட்சியாக என்னை அழைத்தார்கள். மேலாளருக்கு அன்று வேறு அவசர வேலை.

பக்கத்துப் பாத்திக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “போட்டோ புடிச்சாராம். காட்டச் சொல்லுங்க, நாங்களும் பாக்கறோம்.”

படங்கள் எடுக்கப்பட்டன, இரண்டு பிரதிகளையும் ஒரே பெட்டியில் கொண்டுபோய் இழந்தோம், தவறு எங்களுடையது என்று எழுந்து நின்று சொன்னேன்.

அஞ்சலை இடைமறித்தார். “சரி, போட்டோ போச்சு. உங்க கண்ணு பாத்துச்சு இல்ல சார்? வரப்பு எங்க இருந்துச்சு, அதச் சொல்லுங்க.”

விசாரணை அதிகாரி வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். வாய்க்காலிலிருந்து பழைய வரப்புவரை அஞ்சலைக்கு எத்தனை வரிசை? நான்கா, ஐந்தா? இரண்டு நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திகள் எடுத்திருந்தேன். எல்லாம் ஒரே வெண்மை. ஐந்து என்று சொல்லியிருக்கலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

“உறுதியாகச் சொல்ல இயலாது” என்றேன்.

வரப்பு போட்ட இடத்திலேயே நின்றது. அந்த ஒரு வரிசை அஞ்சலைக்குத் திரும்பவில்லை.

வெளியே அவரிடம், நான் பொய் சொல்ல விரும்பவில்லை என்று விளக்க முற்பட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“நீங்க பொய் சொல்லல சார். அது போதும்னு நான் சொல்லணும்னு பாக்கறீங்க. போதாது.”

பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு: படங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டன என்று கண்ணால் காணும்வரை கார்டை அழிக்காதீர்கள். அழிக்கச் சொல்பவர் யாராயிருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் போகும் இரண்டு பிரதிகளை ஒன்றென்றே எண்ணுங்கள். உங்கள் பெட்டியின் மேல் எதையாவது வைக்கிறார்கள் என்று ஒருவர் எச்சரித்தால், சொன்னவர் யார் என்று பார்க்காமல் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். நான் இறங்கவில்லை. அறிக்கையில் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், இறங்காதவன் இறங்காதவன்தான்.