ஸ்ட்ரிப் சிவக்கும் நிமிடம்

லாரி பணிமனையின் கோடியில், டயர் அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசை. அங்கே வேலை பார்ப்பவளுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் கலர் அக்கா. பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் சளைக்காமல் எல்லோரையும் அண்ணே என்பாள்.

அவள் வேலை எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரைப் பார்ப்பது. காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கொஞ்சம் எடுப்பாள். அதில் ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாளை முக்கி, உதறிவிட்டுக் காத்திருப்பாள். முனையிலுள்ள சின்னச் சதுரம் மெல்லச் சிவக்கும். புட்டியில் ஒட்டிய வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை வண்டியின் அட்டையில் எழுதுவாள். வெளிறியிருந்தால் கூலன்டில் கலந்த அரிப்புத் தடுப்பு மருந்து குறைவு. மருந்து குறைந்தால், எஞ்சின் அதிர அதிர சிலிண்டரின் வெளிச்சுவரில் குமிழிகள் வெடித்து, ஊசி குத்தினாற்போல் குழி விழும். குழி ஒருநாள் ஓட்டையாகும். வண்டி நடுவழியில் படுத்துவிடும்.

காத்திருக்க வேண்டியது ஒரு நிமிடம். கால் நிமிடம் கூடினால் பரவாயில்லை. அதற்கும் மேல் போனால் நல்லது கெட்டது எல்லாமே சிவந்துவிடும். அவள் கடிகாரம் பார்ப்பதில்லை. "வீட்ல எல்லாரும் சௌக்கியமாண்ணே?" என்று கேட்பாள். பதில் முடியும்போது நிமிடமும் முடிந்திருக்கும். பதினோரு வருடமாக இது தப்பியதில்லை. அறைக்குப் போனால் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்வான். அவன் மனைவி சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும்தான் அதுவும். திங்கட்கிழமை முதல் வண்டியிடம் வாய் திறக்கும்போது அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருக்கும்.

அன்று பூனைக்காரர் வந்தார். கேபினில் ஒரு பூனையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்.

"வீட்ல சௌக்கியமாண்ணே?"

"வீட்ட விடு கலர் அக்கா. கேபின்ல விசேஷம். மூணு குட்டி!"

"ஐயோ, எங்க போட்டுச்சு?"

"நான் படுக்கிற மெத்தையிலயே. எட்டிப் பாத்தா சீறுது. ஏதோ பாவம்னு ஸ்டியரிங்க மட்டும் எனக்கு விட்டு வெச்சிருக்கு."

அவள் விக்கல் வரும்வரை சிரித்தாள். எந்தக் குட்டி என்ன நிறம், எது முரடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள். நல்ல சிவப்பு. 'நான்கு' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். வண்டி கிளம்பியது.

அதன்பிறகுதான் டீயை எடுத்தாள். ஸ்ட்ரிப்பை முக்குவதற்குச் சற்று முன்னால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்த டீ. அதன்மேல் தடியாக ஆடை படிந்திருந்தது. ஒரு நிமிடத்தில் இவ்வளவு ஆடை படியாது.

யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரிப் குப்பைக்குப் போயாகிவிட்டது. நான்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் 'இருக்கலாம்' என்று எழுத அட்டையில் கட்டம் இல்லையே. அவர் போவது பன்னிரண்டு நாள் ஓட்டம். திரும்பக் கூப்பிட்டால் ஃபோர்மேனுக்குத் தெரியும். தெரிந்தால் இந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளிதான். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எண்ணை அழுத்தினாள்.

"என்ன கலர் அக்கா, குட்டி வேணுமா?"

"வண்டியத் திருப்பிக் கொண்டு வாங்கண்ணே. நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

வந்ததும் மூடியைத் திறக்க முடியாது. சூட்டில் முகம் வெந்துவிடும். எஞ்சின் ஆற இரண்டு மணி நேரம் ஆனது. பூனைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஃபோர்மேன் ஒரு டைமரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"டெஸ்ட் பண்ண வந்தியா, கதை கேக்க வந்தியா?"

அவள் ஸ்ட்ரிப்பை முக்கி டைமரை அழுத்தினாள். பூனைக்காரர் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். இருவரும் வாய் திறக்கவில்லை. டைமர் கத்தியது. சதுரம் வெளிறித்தான் இருந்தது. இரண்டு.

மருந்தை அளந்து ஊற்றினாள். பழைய அட்டையைக் கிழித்துப் புதிது எழுதினாள்.

"அடுத்த டெஸ்ட் எப்போ?" அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பி வந்ததும். பன்னிரண்டு நாள்ல."

ஏறிக் கதவைச் சாத்தினார். எஞ்சின் உறுமியது. கண்ணாடி ஒரு சாண் இறங்கியது.

"அதுக்குள்ள குட்டிங்க கண்ணு தொறந்துடும்."

அவள் எதுவும் சொல்வதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. அடுத்த வண்டிக்காரர் வந்தார், டைமரைப் பார்த்தார், நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் ஸ்ட்ரிப்பை முக்கி, பொத்தானை அழுத்தினாள்.