அவள் கதவைத் தட்ட யாருமில்லையா?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது நாவல், கடலூரில் வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் வந்து நின்ற காலத்துக் கதை. நாயகி, கப்பலுக்குப் போகும் துணிகளுக்குச் சாயம் தோய்ப்பவள். கடைசி அத்தியாயத்தில் காய்ச்சலில் படுத்து, மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகிறாள்.

அந்த அத்தியாயத்தைப் படித்து அழுததாகப் பலர் போன் செய்தார்கள். வேறு விஷயங்களும் பேசினார்கள். புவனகிரிக்காரர் ஒருவர், அந்தக் காலத்தில் வெள்ளாற்றில் படகு எதுவரை போயிருக்கும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். இன்னொருவர் தங்கள் ஊர் ஏன் கதையில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். நான் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். பேச்சு முடிந்து போனைக் கீழே வைத்ததும் வீடு முன்பைவிட அமைதியாகிவிடும். கணவர் போய் ஐந்து வருஷம். மகன் கனடாவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான்.

போன வருஷம் சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் அந்த நாவலுக்குக் கூட்டம் வைத்தார்கள். இருபது பேர் இருக்கும். பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயசு இருக்கலாம். கையில் என் புத்தகம், செய்தித்தாளில் அட்டை போட்டது.

"நான் மீன் யாவாரம் பண்றேம்மா. எம் பொண்ணு படிக்கச் சொல்லிக் குடுத்தா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கணும். அவ மூணு நாளு கதவத் தொறக்கல. பக்கத்து ஊட்டுக்காரி ஒருத்தி கூடவா வந்து தட்ட மாட்டா?"

கூட்டம் நடத்தியவர் சிரித்தார். "அதுதாம்மா கதையோட சோகம்."

"சோகமா இருக்கட்டும் சார். நடக்குமான்னு கேக்கறேன். எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயி திரும்பல. பத்து நாளு எங்க ஊட்ல அடுப்பு எரியல. தெருவே சோறு கொண்டாந்துச்சு. அந்தக் காலத்துல மனுசங்களே இல்லியா?"

ஊரே காய்ச்சலில் கிடந்த சமயம் அது, அதனால்தான் யாரும் வரவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். போகும்போது புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தன் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அத்தியாயத்தை எழுதியதற்கு முந்தின வாரம் எனக்கு ஜுரம். மூன்று நாள் படுக்கையில் கிடந்தேன். பால் பாக்கெட்டுகள் வாசலிலேயே புளித்துப்போயின. யாரும் கதவைத் தட்டவில்லை. எழுந்து உட்கார முடிந்ததும் நான் எழுதியது முந்நூறு வருஷத்துக்கு முந்தின வீட்டை இல்லை, மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் வீட்டைத்தான்.

சில மாதம் கழித்து, இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் இருந்தால் அனுப்பச் சொன்னார் பதிப்பாளர். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியைக் கதவுவரை கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் அடித்தடித்து எழுதிவிட்டு, அந்தச் சீட்டை எடுத்து போன் செய்தேன். பின்னால் மீன் மார்க்கெட் சத்தம்.

"என்னா பேசுவா? 'செத்தா கிடக்குற, கதவத் தொறடி'ன்னு திட்டுவா. அப்புறம் உள்ள போயி கஞ்சி வப்பா. அவ்ளோதாம்மா."

அப்படியே எழுதினேன். சாயக்காரி கஞ்சி குடித்துவிட்டு, மறுநாள் செத்துப்போனாள். அவளைப் பிழைக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தலைமாட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பதிப்பு வந்ததும் புவனகிரிக்காரர் கூப்பிட்டார். "பழைய முடிவுதாம்மா கனமா இருந்துச்சு. கெடுத்துட்டீங்க."

அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

மீன்காரப் பெண்ணுக்குப் புதிய பிரதி ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று அவள் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். அதன் பிறகு இரண்டு மூன்று தடவை அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்பதற்கு இப்போது கதையில் சந்தேகம் எதுவும் இல்லை. சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.